வெறும் தண்ணி

அண்ணியின் ரத்தத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆளே கிடையாது. கீழ்வீட்டுக்காரர் மாதுளை என்றார். நாங்கள் வேலை செய்யும் இடத்து வாட்ச்மேன் மாதுளை என்றார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா, நாங்கள் பேசியதை ஒட்டுக்கேட்டுவிட்டு, இறங்குகிற அவசரத்திலும் படியில் திரும்பி நின்று, "மாதுளை குடும்மா, தினம் ஒண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். இத்தனை பேரில் ஒருவராவது கூடவே ஒரு மாதுளையையும் நீட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

விஷயம் இதுதான். என் அண்ணன் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பயப்பட வேண்டிய கட்டி இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் மாதாமாதம் ரத்தம் கொட்டு கொட்டென்று கொட்டியது. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும். அதற்கு ரத்தத்தின் அளவு பத்தாவது இருக்க வேண்டும். அண்ணிக்கு இருந்தது எட்டு புள்ளி ஒன்று. மூன்று மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். ஒரு வாரம் முன்னால் மறுபடி பார்ப்பார்கள், பத்து இருந்தால் ஆபரேஷன், இல்லாவிட்டால் பெயர் வரிசையின் வாலுக்குப் போய்விடும். வால் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அடுத்த வருஷத்தில் இருக்கிறது என்றார்கள்.

அதுவரை அண்ணி தாங்க மாட்டாள். அது டாக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நானும் அண்ணியும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். ஹோட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, சூடான உருளை மெஷினுக்குள் விட்டு எடுத்தால் விறைப்பாக வெளியே வரும். அதை மடிப்பது எங்கள் வேலை. பெரிய விரிப்பை ஒரே ஆள் மடிக்க முடியாது. ஒரு பக்கம் அண்ணி, மறு பக்கம் நான். இழுத்து உதறி, பாதியாக்கி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனையைச் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தடவை அண்ணியின் முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்ப்பேன். பதினோரு வருஷமாக இதே கதை. கட்டின புருஷன்கூட அவளை அவ்வளவு தடவை அவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்க மாட்டான். அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பின் நிறத்துக்கே வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் முனையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறேன், எதிரே ஆளைக் காணோம். விரிப்பு தரையில் கிடந்தது. அதற்குக் கீழே அண்ணி கிடந்தாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். வந்தவர் முதலில் விரிப்பைத்தான் தூக்கிப் பார்த்தார், அழுக்காகிவிட்டதா என்று. சலவைக்கூடத்தில் எனக்கு மிளகா என்று பெயர். அந்தப் பெயர் எதற்காக வந்தது என்று அன்று அவருக்கு நன்றாக ஞாபகப்படுத்தினேன்.

அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி, எட்டு புள்ளி ஒன்று எல்லாம். மருந்துச் சீட்டோடு எங்களைப் பதினாலாம் நம்பர் அறைக்கு அனுப்பினார்கள். எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று சொல்வதற்கென்றே அங்கே ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சத்து நர்ஸ் என்று நானே பெயர் வைத்தேன். கேள்விகள் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"முட்டை சாப்பிடுவீங்களா?"

"இருந்தா சாப்பிடுவேன் சிஸ்டர்."

"கீரை?"

"அது தினமும் உண்டு."

"டீ, காபி அதிகமா குடிப்பீங்களா?"

"ஐயோ, டீயே கிடையாது சிஸ்டர். விட்டு ஏழு வருஷமாச்சு" என்றாள் அண்ணி, ஏதோ பரிசு வாங்கப் போகிறவள்போல.

"ஆமா சிஸ்டர், எங்க வீட்டுல யாருமே குடிக்கிறதில்ல" என்று நானும் ஒத்து ஊதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பொய் சொல்லும் எண்ணம் எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை.

"நல்லது. மாத்திரை ஒரு நாளைக்கு ரெண்டு. சாப்பிட்டதும் தண்ணியோட போடுங்க" என்று சொல்லிவிட்டு, படம் போட்ட ஒரு வழவழத் தாளையும் கொடுத்தார். ஆரஞ்சு நிறத்தில் துண்டு போட்ட ஏதோ ஒரு மீன், பெயர் வாயில் நுழையாத ஒரு கொட்டை, குட்டி மரம்போல ஒரு பச்சைக் காய், நடுவில் மகாராணி மாதிரி பிளந்து வைத்த மாதுளை. அதில் பாதி எங்கள் தெருக்கடைக்கு வந்ததே இல்லை. மீதிப் பாதி வந்தாலும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காது. அண்ணி அதைத் தொழில் சுத்தமாக நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த அரிசி டின்னின் காலடியில் வைத்தாள். டின் ஆடுவது நின்றது. அந்தத் தாளால் எங்களுக்குக் கிடைத்த நன்மை அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையலறையும். அண்ணன் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவன். வேலை இருக்கிற வாரம் இருக்கும், இல்லாத வாரம் இல்லை. அவர்களுக்குப் பத்து வயதில் ஒரு மகள், எல்லாருக்கும் அவள் பொடிசு. அப்புறம் நான். புருஷன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்து இரண்டே மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தேன். பதினொன்றரை வருஷமாகிறது. ஒரு நாள்கூட அண்ணி அந்த இரண்டு மாதத்தை ஞாபகப்படுத்தியதில்லை. அதனால்தான் அவள் மேல் எனக்கு இவ்வளவு உரிமையாகக் கோபம் வருகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். கையில் இருக்கிற காசுக்குள் சத்தாகச் சமைப்பது எப்படி என்று அந்தச் சத்து நர்ஸுக்கே அண்ணி பாடம் எடுப்பாள். காய்கறிச் சந்தைக்குக் கடை கட்டுகிற நேரம் பார்த்துத்தான் போவாள். பீட்ரூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் கிள்ளிப் போட்டுவிட்டுப் போன இலையையெல்லாம் கொசுறாகக் கேட்பாள். முள்ளங்கி இலை, காலிஃபிளவர் தண்டு எதையும் விட மாட்டாள். காய்க்காரம்மாவுக்கு அவளைப் பார்த்தாலே சிரிப்பு.

"எதுக்குக்கா இவ்வளவு எலை? ஆடு வளக்கிறியா?"

"ஆமா, வீட்டுல நாலு இருக்கு. இதோ, ஒண்ணக் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன்" என்று என்னைக் காட்டுவாள்.

மொத்தக் கடையில் விரிசல் விட்ட முட்டையைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு வாங்கி அன்றைக்கே அவித்துவிடுவாள். கறிக்கடையில் யாரும் சீந்தாத ஈரலை வாங்கி வருவாள். கொண்டைக்கடலையை முந்தின நாளே ஊறப்போட்டுவிடுவாள். கனிந்து போன கொய்யாவை அடிபட்ட இடத்தைச் செதுக்கிவிட்டுத் தருவாள். ரத்தத்துக்கு என்று எதை யார் சொன்னாலும், அதே வேலையைச் செய்கிற மலிவான ஒன்றை மறுநாளே கண்டுபிடித்துவிடுவாள். மாதுளைக்கு மட்டும் அவளிடம் ஒரே பதில்தான்: "அது பாக்கத்தான் செவப்பு."

இந்தக் கெட்டிக்காரத்தனத்தை எல்லாம் கெடுக்க அண்ணன் ஒரு நாள் ஒரு டப்பாவோடு வந்தான். பவுடர் டப்பா. பாலில் கலந்து குடித்தால் ரத்தம் ஊறுமாம். டப்பா மேல் போட்டிருந்த படத்தில் ஒரு பையன் சைக்கிளில் நின்றுகொண்டு தசையைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த விலைக்கு எங்கள் நாலு பேருக்கும் ஒரு மாதத்து முட்டை வந்திருக்கும்.

"ஏங்க, இத குடிச்சா நான் இந்தப் பையன் மாதிரி ஆயிடுவேனா?" என்றாள் அண்ணி.

நான் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். "அண்ணே, மொதல்ல போட்டிருக்கறதே சக்கரதான்."

"விளம்பரத்துல டாக்டரே சொல்றாரு."

"வெள்ளக் கோட்டு போட்டவன்லாம் டாக்டரா? சொவத்துக்கு வெள்ளையடிச்சுட்டு வரப்ப நீயும்தான் தலையிலேர்ந்து கால்வரைக்கும் வெள்ளையா இருக்க. ஊசி போடுவியா?"

இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. டப்பாவைப் பொடிசுதான் ஸ்பூன் ஸ்பூனாக வாயில் போட்டுக் காலி செய்யத் தொடங்கினாள்.

அண்ணியிடம் எனக்கு ஆகாத விஷயம் ஒன்று உண்டு. பசிக்காது என்று பெருமை பேசுவாள். மத்தியானம் சலவைக்கூடத்தில் எல்லாரும் டப்பாவைத் திறக்கும்போது, அவளுடையதைப் பார்த்து யாராவது "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். அதற்காகவே காத்திருந்தவள்போல, "என் உடம்பு வாகே அப்படி. எனக்குப் பசியே எடுக்காது" என்பாள். சொல்லிவிட்டு, வாய் வரைக்கும் சோற்றை அமுக்கி வைத்திருக்கும் என் டப்பாவை ஒரு பார்வை பார்ப்பாள். உழைக்கிறவளுக்குப் பசி எடுப்பது ஏதோ ஒழுக்கக்கேடு மாதிரி எனக்கே கூச்சமாகிவிடும். கொஞ்சம் சோறு, நிறைய இலை, பாதி முட்டை. தின்று முடித்து, மாத்திரையைப் போட்டு, பச்சை பிளாஸ்கைத் திறந்து தண்ணி குடிப்பாள். "நீயும் ஒரு வாய் குடி" என்று எனக்கும் மூடியில் ஊற்றித் தருவாள்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது எட்டு புள்ளி மூன்று. சத்து நர்ஸ் தாளைப் பார்த்து, "இன்னும் நல்லா சாப்பிடணும்" என்றார். இன்னும் என்றால், நான் வேண்டுமானால் சந்தையையே பெயர்த்துக் கொண்டுவந்து அவர் மேசை மேல் கொட்டட்டுமா என்று கேட்க வந்தேன். அண்ணி என் கையைக் கிள்ளினாள்.

அடுத்த மாதம் முழுக்க ஈரலும் இலையும்தான். வீடே ஈரல் வாடை. பொடிசு மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த அம்மா மாத்திரையைப் போடுவதுபோல் போட்டுவிட்டு எங்கேயோ துப்புகிறாள் என்று நினைத்தேன். அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்துப் பாயை உதறினேன், தலையணை உறையைத் திருப்பினேன், சமையலறை ஜலதாரைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈரத் தலையோடு பின்னால் வந்து நின்றாள்.

"என்னடி தேடுற?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. "மாத்திரைய" என்றேன்.

அவ்வளவுதான். மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டு விரிப்பு மடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கொடுமை. ஒரு நாளைக்கு நானூறு தடவை ஒரு சாண் தூரத்துக்கு வந்து, நானூறு தடவையும் முகத்தை ஒரு வெட்டு வெட்டித் திரும்பிக்கொண்டு போனாள்.

மூன்றாம் தடவை போனபோது எட்டு புள்ளி இரண்டு. ஆபரேஷன் தேதிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. சத்து நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதல் முறையாக நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார்.

"மாத்திர போடுறீங்களா இல்லையா? உண்மையச் சொல்லுங்க."

"தெய்வ சத்தியமா போடுறேன் சிஸ்டர்."

"எப்படிப் போடுறீங்க?"

"சாப்பிட்ட ஒடனே. தண்ணியோட."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. ஏத்துறதுக்கு ரத்தம் இருக்கு, ஆனா அத அவசரக் கேசுக்குத்தான் தருவாங்க. நீங்கதான் ஊற வெக்கணும். இப்ப சாப்டாச்சா?"

"ஆச்சு சிஸ்டர், வெளிய பெஞ்சுல உக்காந்து."

"அப்ப என் கண்ணு முன்னாடி ஒண்ணு போடுங்க, பாப்போம்."

நாத்தனாரும் நம்பவில்லை, நர்ஸும் நம்பவில்லை. அண்ணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பையிலிருந்து மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நர்ஸுக்கு நன்றாகக் காட்டினாள். பிளாஸ்கை எடுத்து, மூடியைத் திருகி, அதில் ஊற்றினாள். செங்கல் நிறத்தில், ஆவி பறக்க இறங்கியது.

"இது என்ன?" என்றார் நர்ஸ்.

"தண்ணி."

"இது தண்ணியா?"

"தண்ணிதான் சிஸ்டர்" என்று நான் குறுக்கே புகுந்தேன். இன்னும் எத்தனை சந்தேகம்தான் படுவார் என்று எனக்கு ஆத்திரம். "வெறும் தண்ணி. பால்கூட ஊத்தல."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது.

எங்கள் வீட்டில் டீ என்றால் பால் ஊற்றியது, கடையில் குடிப்பது. ஏழு வருஷத்துக்கு முன்னால் பால் பொடிசுக்கு மட்டும் என்று ஆனபோது டீ போய்விட்டது. வெறும் தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டியதற்கு டீத்தண்ணி என்று பெயர். நாளாக ஆக டீயும் உதிர்ந்து, தண்ணி மட்டும் நின்றுவிட்டது. 'தண்ணி வெக்கவா?', 'ஒரு வாய் தண்ணி குடி', எல்லாம் அதுதான். குழாயில் வருவது பச்சத்தண்ணி. அண்ணனோடு வேலை செய்கிறவர்கள் சம்பளத்தன்று போடுவதும் தண்ணிதான், ஆனால் அது வேறு தண்ணி என்று குழந்தைக்கும் தெரியும். எந்தத் தண்ணி என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருந்ததில்லை.

நர்ஸ் மூடியை வாங்கி முகர்ந்து பார்த்தார். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீயே குடிக்கிறதில்லன்னு அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதானே சொன்னீங்க?"

"டீ குடிக்கிறதில்ல சிஸ்டர்" என்றாள் அண்ணி பரிதாபமாக.

சத்து நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். சாப்பாட்டோடு இதைக் குடித்தால், கீரையிலும் பயறிலும் மாத்திரையிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் இது பிடித்துக்கொள்ளும் என்றார். கூட உட்கார்ந்திருந்த நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு மாதம் முள்ளங்கி இலை. இரண்டு மாதம் ஈரல் வாடை. சந்தையில் ஆடு, மாடு என்று வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு. எல்லாவற்றையும் தின்ன கையோடு இவளே ஊற்றிக் கழுவி அனுப்பியிருக்கிறாள். அதில் ஒரு மூடி எனக்கும் ஊற்றியிருக்கிறாள், நானும் சப்புக்கொட்டிக் குடித்திருக்கிறேன்.

"ஒரு நாளைக்கு எத்தன டம்ளர்?"

"ஏழு... எட்டு இருக்கும்."

"என்னத்துக்கும்மா அவ்வளவு?"

"பழக்கம் சிஸ்டர்" என்றாள் அண்ணி. பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ மூடிவிட்டது.

சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே அது வரக் கூடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளியிருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மாத்திரையை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் போட வேண்டும். ரத்தப்போக்கை மட்டுப்படுத்த டாக்டரிடம் சொல்லி இன்னொரு மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார். "தண்ணின்னா கொழாத்தண்ணி. புரியுதா?" என்று வாசல்வரை வந்து சொன்னார். பிளாஸ்கை நான் பறிமுதல் செய்தேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டாம் நாள், மதியம் மூன்று மணி இருக்கும், விரிப்பின் முனையோடு அண்ணியை நோக்கி நடந்து போகிறேன், ஒரு சத்தம். மெஷினின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றாள் அண்ணி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"மெஷின் இல்ல அண்ணி. உங்க வயிறு."

"வாய மூடு."

அடுத்த நாள் அதே நேரத்தில், முனையைச் சேர்க்க வந்தவள் என் காதருகே குனிந்தாள். சூப்பர்வைசருக்குக் கேட்டுவிடக் கூடாத ஏதோ கெட்ட விஷயத்தைச் சொல்வதுபோல் கேட்டாள்.

"மிளகா, உங்கிட்ட திங்க ஏதாவது இருக்கா?"

இத்தனை வருஷத்தில் அண்ணி என்னிடம் தின்னக் கேட்டது அதுதான் முதல் தடவை. என் பையில் ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை இருந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தோலைக்கூட ஊதாமல் தின்றாள். பொட்டலத்தின் மூலையில் இருந்ததையும் விரலால் தொட்டு எடுத்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"என்னடி அசிங்கம் இது, இந்த வயசுல. எனக்கு என்னமோ ஆயிடுச்சு."

"ஒண்ணும் ஆவல. இதுக்குப் பேரு பசி."

"எனக்குத்தான் பசியே எடுக்காதே!"

எடுக்காமல் என்ன? ஏழு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தான். அப்போது ஆரம்பித்தது. பாதிச் சோறு, மேலே ஒரு டம்ளர் தண்ணி, வயிறு கம்மென்று ஆகிவிடும். அண்ணன் எழுந்து வேலைக்குப் போனான், சோறு பழையபடி வந்தது, நாங்கள் மூன்று பேரும் பழையபடி சாப்பிட்டோம். இவள் மட்டும் அந்த எட்டு மாதத்திலேயே நின்றுவிட்டாள். சூடான பழுப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பசியை ஏமாற்றியவள், கடைசியில் தன்னையே ஏமாற்றி, அதற்கு உடம்பு வாகு என்று பெயரும் வைத்து, ஊரெல்லாம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று விரிப்பை உதறிய உதறலில் ஒரு ஓரம் கிழிந்தே போயிற்று. அவள் மேல் கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த ஏழு வருஷமும் எதிரே உட்கார்ந்து என் டப்பாவை வழித்துத் தின்றுகொண்டிருந்தவள் யார்? நான்தானே?

வீட்டில் பெரிய பாத்திரத்தை இறக்கினேன். முதல் நாள் அண்ணி இரண்டாம் தடவை சோறு வாங்கியபோது, அண்ணன் வாய் தவறி, "இவ இவ்வளவு சாப்பிடுவாளா?" என்று சொல்லிவிட்டான். பாவம், அதிசயப்பட்டுத்தான் சொன்னான். அண்ணியின் கை அப்படியே நின்றது.

"சாப்பிடுவாங்க!" என்று நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அவ்வளவு பெரிய விரிப்ப நாள் பூரா இழுக்கறவங்க எவ்வளவு சாப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இப்ப தெரிஞ்சுக்குவோம்."

அண்ணன் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தான். மறுநாளிலிருந்து விரிசல் முட்டையும் கடலையும் அவனே வாங்கி வர ஆரம்பித்தான். காசு எங்கிருந்து வந்தது என்பதை, சட்டையில் சிகரெட் நாற்றம் நின்றுபோனதை வைத்து நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

அந்த நாலு வாரமும் அண்ணி பட்ட பாடும், எங்களைப் படுத்திய பாடும் கொஞ்சமில்லை. தண்ணி இல்லாமல் தலை வலிக்கிறது என்பாள். எலுமிச்சை பல்லைக் கூசுகிறது என்பாள். பசி எடுத்தால் அழுகை வருகிறது என்பாள், சாப்பிட்டால் இவ்வளவு தின்றுவிட்டேனே என்று அழுவாள். நாலரை மணிக்கு மட்டும் ஒரு டம்ளர் அனுமதித்திருந்தேன். நாலு மணியிலிருந்தே கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் முனையோடு முனை சேர்க்கும்போது பார்ப்பேனே, உதடு மெல்ல மெல்ல விரிப்பின் நிறத்திலிருந்து விலகிக்கொண்டிருந்தது. எதுவும் சொல்லாமல் மடிப்பேன். சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம், எனக்கு!

பரிசோதனை நாளன்று பதினாலாம் நம்பர் அறையில் சத்து நர்ஸ் தாளைப் பிரித்தார். அண்ணி என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் ரத்த ஓட்டமே நின்றுவிட்டது.

"பத்து" என்றார்.

"பத்து புள்ளி?" என்றேன்.

"புள்ளி பூஜ்யம்."

"அது போதுமா சிஸ்டர்?"

"தாராளமா போதும்." அவர் முகத்திலும் சிரிப்பு. அப்போதுதான் பார்த்தேன், மேசையில் பாதி தின்ற சாப்பாட்டு டப்பா, அதன் பக்கத்திலேயே ஒரு டம்ளர் டீ. பால் ஊற்றியது. நான் டம்ளரைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் டம்ளரை மெல்ல ஃபைலுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தார்.

ஆபரேஷன் அன்று காலையில் வார்டு நர்ஸ் வந்து, "எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணிகூடக் குடிக்கக் கூடாது" என்றார்.

"எந்தத் தண்ணி?" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்கு எங்கள் கதை தெரியாது. "எல்லாத் தண்ணியும்தான்!"

அண்ணியை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடுகிறவரை, பொடிசுக்கு மத்தியானம் என்ன கொடுப்பது என்று சொல்லிக்கொண்டே போனாள். வெளியே அண்ணனும் நானும் ஒரே பெஞ்சில் இருந்தோம். இரண்டு மணி நேரம் அவன் தன் விரல் நகத்திலிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சண்டை போட ஆளில்லாமல் போயிற்று.

நல்லபடியாக முடிந்தது என்றார்கள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தபோது அண்ணி கண்ணை முழுசாகத் திறந்தாள். அவள் மேல் போர்த்தியிருந்த விரிப்பின் மடிப்பு கோணலாக இருந்தது. எந்தச் சலவைக்கூடமோ, சுத்த மோசம்.

"வலிக்குதாம்மா?" என்று அண்ணன் குனிந்து கேட்டான்.

அண்ணி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். அவள் ஏதோ சொல்ல வருகிறாள் என்று நானும் குனிந்தேன். குனிந்திருக்கவே வேண்டியதில்லை. எதிர்க் கட்டில்காரர்கள் வரைக்கும் கேட்டது.

"பசிக்குது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணி" என்றேன்.

"காது செவிடாடி உனக்கு?" என்றாள். "பசிக்குதுன்னு சொன்னேன்."